நாலு இரவு படகு வாடகை: ரொயிலட் பற்றி இருபது நிமிடம், கயிறு பற்றி ஒன்றுமில்லை

மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன். மனிசி நாலு போடலாம் என்கிறாள். மாமி ஒன்றுகூடப் போடாதே என்கிறா.

ஓகஸ்ட் கடைசிக் கிழமை இங்கிலாந்தின் செஷயரில் ஒரு கம்பனியிடம் நரோபோட் (கால்வாயில் ஓடுகிற ஒடுங்கிய நீளப் படகு) வாடகைக்கு எடுத்தோம். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், மாமி. படகு 57 அடி நீளம், 6 அடி 10 அங்குலம் அகலம். எங்கள் ஹரோ வீட்டுக் கொரிடோரை இழுத்து நீட்டி, அதற்குள் அடுப்பும் கட்டிலும் வைத்த மாதிரி. எரிபொருளோடு 1,100 பவுண்ட்ஸுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. கம்பனிப் பெயர் எழுதவில்லை. அங்கே நிற்கிற பெடியள் நல்ல பெடியள். பிழை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். படகு படு துப்பரவு. காஸ் அடுப்பில் எங்கள் பிரஷர் குக்கர் வடிவாக இருந்தது. சுடுதண்ணி குறையவில்லை. மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்பதால், மாமி முன்பக்கம் கதிரை போட்டிருந்து வாத்துகளோடு கதைத்துக்கொண்டே வந்தா. நான்ட்விச் தாண்டி ஹக் கிரீன் என்ற இடத்தில் பழைய அணுகுண்டுப் பதுங்குகுழி ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதற்கு வழிகாட்டும் தெருப்பலகையில் 'இரகசியப் பதுங்குகுழி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பிள்ளைகளுக்கு நாள் முழுக்கச் சிரிப்பு.

இனி விசயத்துக்கு வருகிறேன். புறப்பட முன்னர் ஒரு பெடியன் விளக்கம் தந்தான். ரொயிலட் பெட்டியை எப்படிக் கழற்றுவது, எங்கே ஊற்றுவது, எந்தப் பேப்பர் போடக்கூடாது என்று இருபது நிமிடம். கோப்பி மெசினுக்கு ஐந்து நிமிடம். லொக்குக்குள் (படகை ஏற்றி இறக்க, கதவு போட்டு மூடிய தண்ணித் தொட்டி) படகின் பின்பக்கத்தைக் கதவடியிலுள்ள படியில் மாட்டவிடாதே என்று சொன்னான், அது நல்லது. கரையில் கட்டுவது பற்றி, "முளையை அடித்து இரண்டு பக்கமும் கட்டுங்கோ" என்பதோடு முடிந்தது.

இரண்டாம் இரவு ஓட்லம் ஊரில், இரண்டு லொக்குகளுக்கு இடையில் நின்றோம். அங்கே 15 லொக்குகள் வரிசையாக 93 அடி ஏறுகின்றன. ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவிலுள்ள தண்ணி ஒரு குளியல் தொட்டி அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே அடைப்பு இளகினால் போய்விடும். அது எனக்கு அன்று தெரியாது. வேறு படகு போகும்போது எங்களுடையது ஆடுது, தலைச்சுத்து வருது என்று மாமி சொன்னதால், இரண்டு கயிற்றையும் இழுத்து இறுக்கி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கோபுரமே கட்டிவிட்டுப் படுத்தேன்.

இரவு 2.40. மாமியின் குரல். "தம்பி, என்ர தலை கீழ போகுது."

பிரஷர் எண்டு நினைத்துக் குளிசையைத் தேடி எழும்பினால் எனக்கும் நிற்க முடியவில்லை. நிலம் சரிந்திருந்தது. குசினிப் பக்கம் 'களக் களக்' என்று சத்தம். லைற்றைப் போட்டால், கழுவாமல் விட்ட சோற்றுப் பானை தொட்டிக்குள் மிதக்கிறது. தண்ணிக் குழாய் பூட்டித்தான் இருந்தது. தொட்டியின் ஓட்டைக்குள்ளால் கால்வாய்த் தண்ணி பச்சையாக மேலே வந்துகொண்டிருந்தது; அதில் இரவுச் சோறு பருக்கை பருக்கையாகச் சுற்றியது.

நடந்தது இதுதான். ஷ்ரொப்ஷயர் யூனியன் கால்வாயின் இந்தப் பகுதி 1835இல் திறந்தது, எஞ்சினியர் தோமஸ் டெல்போர்டின் கடைசிப் பெரிய வேலை. இதில் பல இடங்களில் கரையோரம் தண்ணிக்குள் ஒரு திண்ணை ஒளிந்திருக்கிறது. படகுக்காரர் 'ஷ்ரொப்பி ஷெல்வ்' என்பார்கள். சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் காற்றடித்த சின்னச் சில்லுகளை நடுவில் தொங்கவிட்டு, கரையிலிருந்து தள்ளிக் கட்டுவது அதற்காகத்தான். யாரோ கீழ் லொக்கின் மதகுப் பலகையை நாலு விரற்கடை திறந்தபடி விட்டுப் போயிருக்கிறார்கள். தண்ணி இறங்க, எங்கள் படகின் ஒரு விளிம்பு திண்ணையில் குந்திவிட்டது. நான் கட்டிய கயிறு அந்தப் பக்கத்தைக் கீழே போகவிடவில்லை. மற்றப் பக்கம் மட்டும் சரிந்தது. குசினிக் கழிவுநீர் போகிற துவாரம் சரிந்த பக்கம், சாதாரணமாக நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கும். அது மூழ்கினால் வெளியே போகிற வழி உள்ளே வருகிற வழி.

24 மணிநேர உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். மூன்றாம் முறைதான் எடுத்தார்கள். "ஒன்றிலும் கைவைக்காதீர்கள், எட்டு மணிக்கு ஆள் வரும்" என்றார்கள். இந்த வசனத்துக்கு மட்டும் ஒரு நட்சத்திரத்தை வெட்டினேன்.

நல்ல காலம், முன்னுக்கு நின்ற படகிலிருந்து ஒரு கிழவர் பிஜாமாவோடு ரோர்ச் அடித்துக்கொண்டு வந்தார். முதலில் தொட்டி ஓட்டையை அடைப்பானால் மூடச்சொன்னார். பிறகு எல்லாரையும் கரைக்கு இறங்கச்சொன்னார். பிள்ளைகள் போர்வையோடு இறங்க, மாமி கைப்பையோடும் குளிசைப் பெட்டியோடும் இறங்கினா. முடிச்சை நான் அவிழ்க்கப் பார்த்தேன். 15 தொன்னுக்கு மேற்பட்ட இரும்பு தொங்குகிற கயிறு எங்கே அவிழும்? கிழவர் என்னை ஒதுக்கிவிட்டு, எங்கள் குசினியிலிருந்த பாண் வெட்டும் கத்தியால் பின்கயிற்றை அறுத்தார், பிறகு முன்கயிற்றை. படகு திண்ணையிலிருந்து டமாரென்று வழுக்கி, இரண்டு தரம் ஆடி, நிமிர்ந்து சேற்றுத் தண்ணியில் நின்றது. அடைப்பானை எடுக்க, தொட்டித் தண்ணி வடிந்து போனது, பருக்கைகள் மட்டும் மிச்சம்.

எங்களுக்குப் பின்னால் நின்ற படகுக்கு அப்படி வாய்க்கவில்லை. வார இறுதியில் மட்டும் வருகிறவருடையது, ஆள் இல்லை. களவுக்குப் பயந்து கயிற்றுக்குப் பதில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார். அதை அறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. கிழவர் போய் மதகை மூடினார். விடிய, கால்வாயைப் பராமரிக்கிறவர்கள் மேல் லொக்கால் மெல்ல மெல்லத் தண்ணி இறக்கினார்கள். தண்ணி திரும்ப வந்தால் படகு எழும்பும் என்றுதான் நான் நினைத்தேன். சாய்ந்தபடி சங்கிலியில் மாட்டிய படகு எழும்பவில்லை. ஏறிய தண்ணி பக்கத்தாலே உள்ளே போனது. சங்கிலி வெட்டும் கருவி வந்தபோது படகு யன்னல்வரை மூழ்கிவிட்டது. ஒரு கம்பளிச் செருப்பு மட்டும் வெளியே மிதந்து வந்தது. சின்னவன் அதைத் தடியால் இழுத்தெடுத்துக் கரையில் காயவைத்தான்.

மதகு ஒன்றைத் திறந்துவிட்டுப் போவது சின்ன விசயமில்லை. 2018 மார்ச்சில் இங்கிருந்து கிட்டத்தான், இதே கால்வாயின் மிடில்விச் கிளையில், லொக் மதகுகள் திறந்து கிடந்ததால் தண்ணி மேவிக் கரையே உடைந்தது என்று கால்வாய் அறக்கட்டளை சொன்னது. அந்த வழி வருடக் கடைசிவரை மூடிக் கிடந்தது. அதைப்பற்றி வாடகைக்கு எடுக்கிறவனுக்கு ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? கிழவர் எனக்குச் சொல்லித்தர இரண்டு நிமிடம்தான் எடுத்தது: லொக்குகளுக்கு நடுவே இரவு நிற்காதே, நின்றால் கயிற்றில் ஒரு முழம் இளக்கம் விடு, படுக்கமுன் இரண்டு பக்க மதகையும் போய்ப் பார்.

எட்டரைக்குக் கம்பனி மெக்கானிக் வந்தார். திறமான மனிசன். எஞ்சின், பம்ப் எல்லாம் பார்த்து, புதுக் கயிறு தந்து, மாமிக்குத் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தார். மிச்ச இரண்டு இரவும் ஒரு குறையும் இல்லை. மாமிதான் உடுப்பு மாற்றாமல், சப்பாத்தோடேயே படுத்தா.

வீட்டுக்கு வந்து பார்த்தால் முற்பணத்தில் 25 பவுண்ட்ஸ் கழித்திருக்கிறார்கள். காரணம்: 'வாடிக்கையாளர் கயிற்றை வெட்டியது'. மின்னஞ்சல் போட்டு மூன்று கிழமையாகிறது, பதில் இல்லை. காசு திரும்பி வந்தால் நாலாம் நட்சத்திரத்தைப் போட்டுவிடுகிறேன்.