இரண்டு டேட்டா சென்டர் என்று சொல்லி விற்க வருபவர்களிடம் கையெழுத்துப் போடுமுன் இதை வாசியுங்கள்

கொழும்பில் சின்ன, நடுத்தரக் கம்பனிகளில் ஐடி பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுடையது புறக்கோட்டையில் மருந்து மொத்த விற்பனை. பில்லிங், ஸ்டொக், சம்பளம் என்று மொத்தம் 11 வேர்ச்சுவல் மெஷின், அதாவது சேர்வருக்குள் தனித்தனிக் கணினி போல ஓடுபவை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்தோம், அதோடு சேர்வரை ஓபிஸ் அறையில் வைத்திருப்பது இனிச் சரிவராது என்று முதலாளி முடிவெடுத்தார்.

அப்போதுதான் அந்தக் கம்பனி வந்தது. விஷயம் இப்போது வக்கீலிடம் இருப்பதால் பெயர் சொல்லவில்லை. கொழும்பில் ஒரு டேட்டா சென்டர், மாலபேயில் இன்னொன்று. 15 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா மெஷினும் அங்கே நகலாகும், இங்கே என்ன நடந்தாலும் 2 மணித்தியாலத்தில் மாலபேயிலிருந்து வேலை தொடங்கும் என்றார்கள். "அண்ணா, நீங்க நிம்மதியா நித்திரை கொள்ளலாம்" என்று விற்பனைக்கு வந்த தம்பி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு மாதம் முடிய ஒரு பிடிஎஃப் வரும், வரிசையாகப் பச்சை டிக், நானும் அதை முதலாளிக்கு அனுப்பிவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிய 4.40க்கு கொழும்புப் பக்கத்து ஸ்டோரேஜ் விழுந்தது. மாலபேயில் எழுப்புங்கள் என்றேன். 2 மணித்தியாலம் 6 ஆனது. கடைசியில் நேரே போய் அவர்களுடைய என்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். 10 மெஷினுக்கு அன்று அதிகாலை நேரம் இருந்தது. பில்லிங் டேட்டாபேஸ் மெஷினுக்கு மட்டும் கடைசி நகல் 52 நாளுக்கு முந்தியது.

நடந்தது இதுதான். மாலபேயில் டிஸ்க் நிறைந்து அந்த ஒரு மெஷினின் நகல் தினமும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. டிஸ்க் கூட்டிப் போடாமல், அந்த மெஷினையே நகல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத மெஷின் அறிக்கையிலும் வராது, அதனால் எல்லாம் பச்சை. 11 வரி இருக்கவேண்டிய பிடிஎஃபில் 10 வரி. நான் எண்ணிப் பார்க்கவில்லை, அது என் பிழை. ஆனால் எடுத்த ஆளுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும், தெரிந்துகொண்டே எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, இரவு எடுக்கும் பேக்கப்பாவது இருக்குமே என்று கேட்டேன். அவர்கள் பேக்கப் என்று சொன்னது ஸ்னாப்ஷொட், அதாவது டிஸ்க் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு. அது மூல டிஸ்கில் தங்கி நிற்கிற ஒன்று, மூல டிஸ்க் போனால் அதுவும் போச்சு. அதுவும் விழுந்த அதே ஸ்டோரேஜில்தான் இருந்தது.

52 நாள் பில்லை காபன் நகல்களைப் பார்த்து மூன்று பிள்ளைகள் 19 நாள் உட்கார்ந்து திரும்ப அடித்தார்கள். மருந்து என்பதால் தொகை சரியாக வந்தால் மட்டும் போதாது, பேட்ச் எண்ணும் காலாவதித் திகதியும் வேண்டும். ஒரு பேட்சைத் திரும்ப எடுக்கச் சொன்னால் அது எந்தெந்த பார்மசிக்குப் போனது என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். காபன் மங்கிப்போய் 3ஆ 8ஆ என்று தெரியாத எண்ணுக்கெல்லாம் பார்மசிக்கு போன் எடுத்து, பெட்டியைப் பார்த்துச் சொல்லச் சொன்னோம். விற்று முடிந்த பெட்டிகளுக்கு அதுவும் முடியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இரண்டாவது இடத்துக்கு நகலாவது பேக்கப் இல்லை. இங்கே ஒரு ஃபைல் அழிந்தால் 15 நிமிடத்தில் அங்கேயும் அழியும், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டினால் பூட்டியதே அங்கே போகும். 2023 ஓகஸ்டில் நம் நாட்டு அரச கிளவுடில் ரான்சம்வேர் புகுந்தபோது பேக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டு, மே 17 தொடங்கி ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு பெரிய டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். பழைய திகதிகளுக்குத் திரும்பக்கூடிய பேக்கப் வேறாக, வேறு ஸ்டோரேஜில், வேறு பாஸ்வேர்டில் இருக்கவேண்டும், அதில் ஒரு பிரதி யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாததாக இருக்கவேண்டும்.

நகல் போகும் லைனின் வேகத்தையும் கேளுங்கள். எங்களுக்குத் தந்தது 100 எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு 100 மெகாபிட். எங்கள் 4 டெராபைட்டை முதலிலிருந்து நகலெடுக்க, லைன் முழுவதும் அதற்கே கிடைத்தாலும், 89 மணித்தியாலம் வரும். கிட்டத்தட்ட நாலு நாள். இந்தக் கணக்கை விற்க வந்த யாரும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், பணம் கட்டுமுன் உங்கள் கண்முன்னே இரண்டாவது இடத்தில் மெஷினை எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். லொகின் திரை வந்தவுடன் எழுந்து வராதீர்கள். இப்போது வேறொருவரிடம் மாறியிருக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு இதைச் செய்கிறோம். பில்லிங் பிள்ளை உள்ளே போய், சனிக்கிழமை கடைசி பில் எண்ணைத் தேடி எடுத்து, கையிலிருக்கும் காபனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். முதல் தடவை ஐபி முகவரி மாறியதால் பிரின்டர் வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெரிந்ததால் அன்றே சரிசெய்தோம்.

பழைய கம்பனி ஒரு மாதக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றது, நாங்கள் வாங்கவில்லை. 15 நிமிடம், 2 மணித்தியாலம் என்று எழுதித்தானே தந்தீர்கள் என்று கேட்டதற்கு ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். அந்த இரண்டு எண்ணும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தன. "இயன்றளவு" என்ற சொல் நாலாம் பக்கத்தில், கட்டண அட்டவணைக்குக் கீழே இருந்தது.