கேன்டீன் காரா, கார்ப்பரேட் தள்ளுபடியா?

அண்ணன் ராணுவத்தில், தம்பி ஐ.டி.யில் என்றால், புதுக் காரை யார் பெயரில் எடுப்பது என்ற பேச்சு வீட்டில் கட்டாயம் வரும்.

விலையை மட்டும் பார்த்தால், ராணுவத்தினருக்குச் சலுகை விலையில் விற்கும் மிலிட்டரி கேன்டீன்தான். அங்கே ஜிஎஸ்டியில் பாதி கழிந்துவிடும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதனால் முன்பு 14 சதவீதமாக இருந்த லாபம் இப்போது 9தான். வரிக்கு முந்தைய விலை 6 லட்சம் என்றால் 54,000 ரூபாய். சும்மா இல்லை. ஆனால் முழுப் பணத்தையும் கேன்டீன் கணக்கில் முதலிலேயே கட்ட வேண்டும். சாலை வரி, இன்சூரன்ஸ் தனி. பட்டியலில் இல்லாத மாடல் மேல் ஆசைப்பட்டால் வழியில்லை.

கம்பெனி ஊழியர்களுக்குக் கிடைக்கும் கார்ப்பரேட் தள்ளுபடி பெரும்பாலும் சில ஆயிரம்தான். கம்பெனி அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் போதும், அலைச்சல் கிடையாது. "எல்லாம் சேர்த்துத்தான் சார் இந்த ரேட்" என்பார் சேல்ஸ்மேன். விடாதீர்கள். பழைய காரைக் கொடுத்தால் கிடைக்கும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் வேறு, கார்ப்பரேட் தள்ளுபடி வேறு. கொட்டேஷனில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

அவசரம் இல்லையா? அண்ணன் பெயரிலேயே எடுங்கள்.