கெம்பஸுக்கு நிதா ஹபாயா: வாங்கும் முன் அதன் கையைப் பாருங்கள்

காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்தப் புடவைக்கடைக்குப் போனாலும் ஹபாயா எனும் நீள மேலங்கிகளில் கம்பியில் தொங்குவது நிதாத் துணிதான். நெருக்கமாக நெய்த மெல்லிய பொலியெஸ்டர் அது. லேசில் கசங்காது, இரவில் அலசிப் போட்டால் விடியற்காலைச் சுபஹுக்குள் காய்ந்துவிடும். ஹொஸ்டலில் இரண்டே ஹபாயாவோடு கிழமையை ஓட்டுகிற பிள்ளைக்கு இதைவிட வசதியான துணி கிடையாது. துணியில் குறையில்லை, தைக்கிற மொடலில்தான் கோளாறு. கலியாண வீட்டுக்குத் தைத்ததையே கெம்பஸுக்கும் விற்கிறார்கள்.

முதலில் கையைப் பாருங்கள். குடை மாதிரி விரிந்த கை பார்க்க அழகு. மதியத் தொழுகையான லுஹருக்குக் கை முகம் கழுவி வுழூ எடுக்கும்போது அது முழங்கைக்கு மேலே சுருட்டவும் வராது, சுருட்டினால் நிற்கவும் நிற்காது. நனைந்த கையோடு அடுத்த லெக்சருக்குப் போக வேண்டியதுதான். இலாஸ்டிக் கையோ முழங்கையைத் தாண்டி ஏற மறுக்கும். ஐந்து வேளையும் இழுத்து இழுத்துச் சீக்கிரமே தொய்ந்தும் போகும். மணிக்கட்டில் மூன்று அங்குலம் வெட்டுவிட்டு இரண்டு பட்டன் வைத்த கைதான் சரி. ரெடிமேட் கையையே தையல்காரர் இப்படி மாற்றித் தருவார், பெரிய வேலையில்லை.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பீடத்தில் பிரயோக விஞ்ஞானம் படிக்கிறவர்கள் குடைக் கையைத் தொடவே வேண்டாம். பருத்தி எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தலையில் கட்டும் ஷோலின் இரண்டு முனையையும் ஆய்வுகூடக் கோட்டுக்குள் சொருகிப் பட்டன் போட்ட பிறகே பன்சன் சுடரடுப்பைப் பற்றவையுங்கள்.

52, 54, 56 என்று கழுத்தில் தைத்திருக்கும் எண், தோளிலிருந்து கீழ்விளிம்பு வரையான அங்குலம். கடையில் எப்போதும் ஒரு அளவு கூட்டித்தான் நீட்டுவார்கள். அதை வாங்கினால் பஸ் படியில் மிதிபடும், ஸ்கூட்டியில் பின்னால் இருந்தால் சில்லுக்குள் போகும். செருப்போடு நின்று கணுக்கால் எலும்புவரை அளந்து வாங்குங்கள், உள்ளே ஷல்வார் காற்சட்டை இருக்கட்டும். முன்பக்கம் பிரஸ் பட்டன் வைத்தது ஸ்கூட்டியில் ஏறினதும் திறந்துகொள்ளும். முழுக்க மூடின மொடல் நல்லது. தைப்பிப்பதென்றால் 54 நீளத்துக்கு, 60 அங்குல அகலத் துணியில் மூன்றேகால் யார் போதும். 44 அங்குல அகலத்தில் நாலு யாருக்கு மேல் போகும்.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிதா காலோடு ஒட்டும், சில நேரம் சடசடக்கும். உள்ளே பருத்தி உடுத்தினால் குறையும். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கறுப்பில் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் வையுங்கள். உள்பக்கம் வெளியே வர நிழலில் காயப்போட வேண்டும். சூடான அயன் பட்ட இடம் பளபளத்துவிட்டால் அதைப் போக்க வழியில்லை.

கறுப்பே வேண்டும் என்பது மார்க்கத்தின் நிபந்தனையல்ல. உம்மம்மாமார் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டவர்கள். அந்தச் சேலைக்கு ஆயிரம் நிறம். கெம்பஸ் இருக்கும் ஒலுவில் வெயிலில் சாம்பல் நிறமோ கடும்பச்சையோ உடுத்துவதால் யாருடைய ஈமானும் குறையாது. ஆனாலும் கடைகளில் கறுப்பில்தான் எல்லா அளவும் கிடைக்கிறது.

ஷோல் விஷயத்தில் சிஃபோன் வழுக்கும், மூன்று குண்டூசி கேட்கும். அந்த ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பேசினாலோ சிரித்தாலோ ஊசி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், உலகத்து ஆஸ்பத்திரிகள் பலவும் கண்ட விபத்து இது. ஜேர்சி என்கிற பின்னல் துணி ஊசியில்லாமல் நிற்கும், ஆனால் புழுக்கம். உள்தொப்பி மட்டும் பருத்தியாகப் பாருங்கள்.

பரீட்சை மண்டபத்துக்கு, பக்கவாட்டில் தூக்கிக் காதைக் காட்டக்கூடிய மாதிரி ஷோல் கட்டிப் போவது புத்தி. 2024இல் திருகோணமலை மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகள், காதை மறைத்ததாகச் சொல்லி நிறுத்திவைக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

காசு கொடுக்க முன் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்தையலில் நாலு தரம் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைக் கம்பியிலேயே மாட்டிவிட்டு வாருங்கள்.