எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம் என்று விற்கப்படும் கந்தக உறிஞ்சி: வாங்குமுன் படியுங்கள்

பயோகேஸில் ஓடும் திட ஆக்சைடு எரிபொருள் கலம் (எரிவாயுவை எரிக்காமல் நேரடியாக மின்சாரமாக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாயுவிலிருந்து கந்தகத்தை நீக்க, துத்தநாக ஆக்சைடு உறிஞ்சி ஒன்றை எங்களுக்கு விற்றார்கள். காற்றில் சுட்டால் போதும், திரும்பத் திரும்பப் பயன்படும் என்றார்கள். அது பொய்.

முதல் சுற்று நன்றாகவே போனது. உறிஞ்சி நிரம்பியதும், அவர்கள் கையேட்டில் இருந்தபடியே 450 டிகிரியில் காற்றைச் செலுத்திப் புதுப்பித்தோம். அடுத்த சுற்றில் பாதிக் கந்தகத்தைக்கூட அது பிடிக்கவில்லை. அப்புறம் உறிஞ்சியின் குளிகைகள் உதிர்ந்து தூளாகி, வாயு போகவே சிரமப்பட்டது. தப்பிய ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது பயோகேஸில் உள்ள கந்தக வாயு, எரிபொருள் கலத்தின் நிக்கல் ஆனோடை (எரிவாயு படும் மின்முனை) பாதித்து, ஸ்டாக்கின் (கலங்களின் அடுக்கின்) மின்னழுத்தம் இறங்கியது. சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) போதும், நிக்கல் தாங்காது. சுத்தமான வாயு கொடுத்ததும் கொஞ்சம் மீண்டது, முழுதாக மீளவில்லை.

கந்தகத்தைப் பிடித்ததும் துத்தநாக ஆக்சைடு துத்தநாக சல்ஃபைடாகிவிடும்; அதைத் திரும்ப ஆக்சைடாக்க 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்குக் குறைந்தால் துத்தநாக சல்ஃபேட் உருவாகி உள்ளேயே தங்கிவிடும்; அது அதிக இடம் பிடிப்பதால் குளிகையே விரிசல் விட்டு உடையும். சரி, சூட்டை ஏற்றினால்? இந்த வினையே வெப்பத்தைக் கக்குவது. கட்டுப்பாடு தவறினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நுண்துளைகள் அடைபட்டுப் போகும். இத்துறையில் இதெல்லாம் அரிச்சுவடி. 450 டிகிரி என்று அச்சடித்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. புதுப்பிக்கும்போது வெளியேறும் சல்ஃபர் டைஆக்சைடை என்ன செய்வது என்றும் கையேட்டில் ஒரு வரி இல்லை. மூச்சை அடைக்கும் நச்சுவாயு அது!

கேட்டால், "உங்கள் வாயுவில் ஈரம் அதிகம்" என்கிறார்கள். பயோகேஸ் ஈரத்தோடுதானே வரும்? நீராவி கூடினால் இந்த உறிஞ்சியிலிருந்து அதிகக் கந்தகம் தப்பும் என்பது உண்மைதான். அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் காட்டிய வரைபடமோ, உலர்ந்த நைட்ரஜனில் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கலந்து, புது உறிஞ்சியில் ஒரே சுற்றுக்கு எடுத்தது.

அதனால் முதல் சுற்றின் கணக்கைக் காட்டினால் ஏற்காதீர்கள். பல சுற்றுகளுக்குப் பிறகு, உங்கள் வாயுவில் உள்ள அதே ஈரத்தோடு, எவ்வளவு பிடிக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கார்பனைல் சல்ஃபைடு என்ற இன்னொரு கந்தக வாயுவைத் தனியாக அளந்தார்களா என்றும் கேளுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடை மட்டும் பார்க்கும் கருவியில் அது தெரியாது.

நாங்கள் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டோம். ஒருமுறை பயன்படுத்தி மாற்றும் உறிஞ்சிப் படுகைகள் இரண்டைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக, ஓட்டுகிறோம். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.