யாழ்ப்பாணத் திருநெல்வேலியில செய்விச்ச புத்தக அலுமாரி: வேலை நல்லம், ஆனா...

ரெடிமேட் எம்டிஎஃப் (மரநாரை அமத்திச் செய்த பலகை) றாக்கை இஞ்சத்த மாரிக்கு ஊதிப் பொருமிப்போடும் எண்டுதான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஓடாவியிட்ட பலா மரத்தில அளவுக்குச் செய்விச்சனாங்கள். வேலை சுத்தம். சுவரோட ஒட்டாம ரெண்டு விரல் இடைவெளி விட்டு வைக்கச் சொன்னவர், கறையான் ஏறினா உடன தெரியுமாம். குறை எண்டா நடுத்தட்டுத்தான், நீளம் கூட, கீழ முண்டு இல்லை, ஏ/எல் (உயர்தரச் சோதனை) பாஸ்ட் பேப்பர் கட்டுகளை அடுக்கின கையோட வளைஞ்சிட்டுது. பிறகு வந்து கட்டை அடிச்சுத் தந்தவர், அதுக்கும் எத்தினை போன் கோல், எடுத்தா "நாளைக்கு வாறன் அண்ணை" தான்.

அடுக்கி முடிச்சுப் பாத்தா வீட்டுக் கதை முழுக்க அதில கிடக்கு. யுத்தத்தில சனமெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்ட 1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வுக்கு முந்தினது எண்டு அம்மா உடுப்புப் பையுக்க வைச்சுக் கொண்டுபோன தேவாரப் புத்தகமும் அப்பான்ர மடக்கைப் புத்தகமும் மட்டுந்தான், மிச்சமெல்லாம் திரும்பி வந்து வாங்கினது. மேல்தட்டில அக்கா கனடா போகேக்க விட்டிட்டுப்போன ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலச் சோதனைப் புத்தகம், பென்சில் கோடு அரைவாசியோட நிக்குது (விசா வந்திட்டுது போல). பக்கத்தில நான் கொழும்பில வாங்கி ஒரு பக்கமும் விரிக்காத சமையல் புத்தகம், வாற சனம் முதல் அதைத்தான் இழுத்துப் பாக்குதுகள்.

கண்ணாடிக் கதவு போடுறவை யோசிச்சுப் போடுங்கோ. தட்டு நீளம் ரெண்டரை அடிக்கு மேல விடாதேங்கோ, அட்வான்ஸும் முழுக்கக் குடுக்காதேங்கோ.