பிரின்ஸ்டனின் 30 மெகாஹெர்ட்ஸ் வெப்பமூட்டி: கிளம்பிய திறன் எங்கே போய்ச் சேர்ந்தது?

பிளாஸ்மாவை, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயுவை, ரேடியோ அலையால் சூடாக்கும் எந்த அமைப்பையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடுவேன்: ஆன்டெனாவை விட்டுக் கிளம்பிய திறனில் எவ்வளவு நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது? அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள பிரின்ஸ்டன் பிளாஸ்மா இயற்பியல் ஆய்வகத்தில் 1999-இல் இயங்கத் தொடங்கிய என்.எஸ்.டி.எக்ஸ். என்ற அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவியின் வெப்பமூட்டும் அமைப்பு, இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு சூழலில் ஒவ்வொரு விடையைத் தந்தது.

12 உலோகப் பட்டைகள் கொண்ட ஆன்டெனா, 30 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண், 6 மெகாவாட் திறன் என்பவை இதன் அடிப்படை விவரங்கள். அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையிலான கட்ட வேறுபாட்டை மாற்றி, காந்தப்புலத் திசையில் அலையின் நீளத்தைத் தேர்ந்துகொள்ள முடிந்தது இதன் பெரிய பலம். சூழல் சரியாக அமைந்தபோது, ஏறக்குறைய 3 மெகாவாட் திறனிலேயே எலக்ட்ரான்களின் வெப்பநிலை மையத்தில் 5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை, அதாவது சுமார் 5.8 கோடி டிகிரியை எட்டியது. அது உண்மையிலேயே பாராட்டத்தக்க சாதனை.

சூழல் சரியில்லாதபோது நடந்ததைக் கேமராப் படங்கள் காட்டுகின்றன. கருவியின் அடித்தளத்தில், பிளாஸ்மாவின் விளிம்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தாங்கும் டைவர்ட்டர் தகடுகளின் மீது ஒளிரும் சுருள்கள் தோன்றுகின்றன. காந்தப்புலக் கோடுகளின் சாய்வை மாற்றினால் அவையும் இடம் மாறுகின்றன. நடுப்பகுதிக்குப் போக வேண்டிய திறன், பிளாஸ்மாவின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய அடுக்கிலேயே தங்கி, காந்தப்புலக் கோடுகளின் வழியே வழிந்து தகடுகளைச் சுட்டிருக்கிறது. சில நிலைகளில் இந்த இழப்பு 60 சதவீதம் வரை போனது.

அலை உள்நோக்கிப் பரவத் தொடங்குவதற்குப் பிளாஸ்மாவில் ஒரு குறைந்தபட்ச அடர்த்தி தேவை. ஆன்டெனாவின் முகப்பிலேயே அந்த அடர்த்தி கிடைத்துவிட்டால், அலை விளிம்பு அடுக்கிலேயே பரவ ஆரம்பித்து அங்கேயே திறனை இழக்கிறது. இதில் என்னை மிகவும் உறுத்துவது, ஆன்டெனாவுக்கு நெருக்கமாக உள்ள அதே அடர்த்தி அதன் மின்சுமையையும் உயர்த்திவிடுகிறது, அதாவது ஆன்டெனாவிலிருந்து திறன் எளிதாக வெளியேற வழிசெய்கிறது என்பதுதான். ஊட்டுக்குழாய்களில் முன்செல்லும் திறனையும் திரும்பிவரும் திறனையும் அளக்கும் மீட்டர்கள் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும்; கிளம்பிய திறன் எந்தப் பக்கம் போனது என்பதை அவற்றால் சொல்ல முடியாது. ஆகவே, செலுத்திய திறனை மட்டும் குறிப்பிட்டு எழுதப்படும் அறிக்கையை நான் முழுமையானதாக ஏற்பதில்லை.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. சுவரில் லித்தியம் பூசி விளிம்பின் அடர்த்தியைக் குறைத்தபோது, மையத்திற்குச் சென்ற திறன் தெளிவாகக் கூடியது. தேவைப்படும் அந்தக் குறைந்தபட்ச அடர்த்தி காந்தப்புலத்திற்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. அலைநீளம் பாதியானால் அது நான்கு மடங்காகிறது. அது உயர்ந்தால், அலை ஆன்டெனாவின் முகப்பில் அல்லாமல் உள்ளே தள்ளித்தான் பரவத் தொடங்கும்; விளிம்பில் இழப்பும் குறையும். எனவே எலக்ட்ரான்களைச் சூடாக்குவது மட்டுமே நோக்கமென்றால், குறுகிய அலைநீளத்தில் இந்த அமைப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

பிளாஸ்மாவில் மின்னோட்டத்தை உந்த நீண்ட அலையை நாடுவோரின் நிலைமைதான் கடினமானது, ஏனெனில் இழப்பு மிகுவது அங்கேதான். என்.எஸ்.டி.எக்ஸ்.-இன் காந்தப்புலம் சுமார் 0.55 டெஸ்லாவைத் தாண்டவில்லை. மேம்படுத்தப்பட்ட கருவியோ 1 டெஸ்லாவுக்கு வடிவமைக்கப்பட்டது. அந்த முழுப் புலத்தில், இதே ஆன்டெனாவை நீண்ட அலையில் இயக்கி, டைவர்ட்டரின் சுருள்கள் மங்குகின்றனவா என்று பார்ப்பதே அவர்களுக்கு வேண்டிய சோதனை.