செல்போன் வழிகாட்டியோடு மதுரை வீதிகள்: 199 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

மதுரைக்கு எத்தனை தடவை போயிருப்போம் என்று கணக்கே இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்குவது, கோயில், தரிசனம் முடிந்ததும் ஒரு ஜிகர்தண்டா, திரும்ப பஸ். ஊரை நின்று பார்த்ததே கிடையாது. இந்தத் தடவை அக்காவும் நானும் ஒரு நாள் முழுக்க ஊருக்காகவே ஒதுக்கினோம். ஹெட்போனில் கதை கேட்டுக்கொண்டே நடக்கிற மாதிரி ஒரு செயலி, தமிழிலேயே, 199 ரூபாய். நாமே நடந்து பார்க்க வேண்டியதுதான், கூட ஆள் வராது. நன்றாக இருந்ததையும் கோபம் வந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நல்லது. இதைத் தயாரித்தவர்கள் கோயிலில் ஆரம்பிக்கவில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மிஞ்சி நிற்கிற பழைய கோட்டைத் துண்டில் ஆரம்பிக்கிறார்கள், அங்கேயே எனக்கு இது பிடித்துப்போனது. மதுரைக்குக் கோட்டை இருந்தது, சுற்றிலும் அகழி இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், ஆனால் அது எங்கே போனது என்று கேட்டதில்லை. 1830களின் கடைசியில் கலெக்டர் பிளாக்பர்ன், ஊர் நெரிசல் தாங்காமல், சுவரை இடித்து அகழியை மூடுகிறவர்களுக்கு அந்த இடத்தையே கொடுப்பதாக அறிவித்து ஊர்க்காரர்களை வைத்தே வேலையை முடித்திருக்கிறார். அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரியும் சர்வேயர் மாரெட்டும்தான் இன்றைக்குப் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி. லாட்ஜ் தேடி அந்தத் தெருக்களில் எத்தனை ராத்திரி அலைந்திருக்கிறோம்! இடிந்த கோட்டையின் இடத்தில்தான் நடக்கிறோம் என்று தெரிந்த பிறகு கால் கொஞ்சம் மெதுவாகத்தான் போனது.

வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று வெளியிலிருந்து உள்ளே போகிறது வழி, அதனால் ஊரின் சதுரம் காலுக்கே புரிந்துவிடுகிறது. சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்பதற்கும் விடை கிடைத்தது. மாசியில் நடந்துவந்த கல்யாணத் திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், வீதியின் பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது என்று சொல்கிறார்கள். மேலமாசி வீதியில் காந்தி தங்கியிருந்த வீட்டின் முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்துகிறார்கள். 1921 செப்டம்பர் 22 காலையில் மேலாடையை விட்டுவிட்டு இடுப்புத் துணியோடு அவர் வெளியே வந்தது இந்த வீட்டிலிருந்துதான். இப்போது அங்கே கதர்க் கடை. நாங்கள் போனபோது திறக்கவில்லை, மாடி ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் விளக்குத்தூண். பஸ்காரர்களும் ஆட்டோக்காரர்களும் நாள் முழுக்கக் கூவுகிற பெயர், ஆனால் அது அதே பிளாக்பர்னுக்கு ஊர் மக்கள் நன்றியாக நிறுத்திய விளக்குத் தூண் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஒருவர் பித்தளைப் பானையில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார். சுக்கும் ஏலக்காயும் தூக்கலாக, வெல்லம் அடித்தொண்டையில் நிற்கிற அளவுக்கு. அதைக் குடித்துவிட்டு நடந்தால் பத்து மணி வரை பசிக்காது.

பத்துத்தூண் சந்துக்குள் போனதும் ஜிபிஎஸ் குழம்பிவிட்டது. இடது பக்கம் திரும்பு என்கிறது, இடது பக்கம் சுவர். ஒரே இடத்தில் மூன்று தடவை சுற்றினோம். ஜவுளிக் கடை வாசலில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தூணத்தான தேடுறீங்க? அங்கிட்டு எங்க போறீங்க, அண்ணாந்து பாருங்க" என்றார். தலைக்கு மேலே நிற்கிறது. திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம், கூரை இல்லாமல், எதையும் தாங்காமல், பத்துக் கருங்கல் தூண்கள், சுற்றிலும் நைட்டியும் துண்டும் தொங்குகிற கடைகள். ஒரு தூணில் கை வைத்தேன், காலை எட்டரை மணிக்கும் குளிர்ந்திருந்தது. "இந்த வழியா எத்தனை தடவ துணி எடுக்க வந்திருக்கோம், மேல பார்த்ததே இல்லடா" என்றாள் அக்கா. இங்கிருந்து மகாலுக்குப் போனால்தான் அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று உறைக்கிறது. 1636இல் கட்டி முடித்ததில் இப்போது நிற்பது ஒரு பகுதிதான், அதையும் கவர்னர் நேப்பியர் 1866க்குப் பிறகு பழுது பார்த்ததால் நிற்கிறது.

இனி கோபம். கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற புது மண்டபத்துக்கு வந்தால், தூணுக்குத் தூண் டெய்லர்கள் உட்கார்ந்து தைப்பதைப் பாருங்கள் என்கிறது குரல். அந்தக் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு எப்போதோ மாறிவிட்டன. காசு வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது வந்து நடந்து பார்க்க வேண்டாமா? வெளியூர்க்காரர் யாராவது நம்பி டெய்லரைத் தேடிக்கொண்டு நிற்பார். எதிரே பாதியில் நின்றுபோன ராய கோபுரத்துக்கு ஒன்றரை நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிலைக்கால்களின் உயரத்தைப் பார்த்தால் மேலே கோபுரம் எழுந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது, அதற்கு ஒன்றரை நிமிடமா?

இதைவிடப் பெரிய தவறு கோயிலில். உள்ளே கேட்க வேண்டிய பகுதி மட்டும் நாற்பது நிமிடம், ஆனால் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக 2018லிருந்தே அனுமதி இல்லை, வெளியே கவுண்டரில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வாங்கும் இடத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்கள் சித்திரை வீதியில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து ஆயிரங்கால் மண்டபம் பகுதியை முன்னாலேயே கேட்டோம். தூண்கள் உண்மையில் 985தான் என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. கேட்டுவிட்டுப் போனது ஒரு விதத்தில் நல்லதாகவே ஆனது, உள்ளே காதில் எதுவும் இல்லாமல் பார்க்க முடிந்தது. ஆனாலும் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வெளி வீதியிலிருந்து விளக்குத்தூண் வரைக்கும் மட்டுமே 199 ரூபாய் தகும். போகிறவர்கள் காலை ஆறு மணிக்கே ஆரம்பியுங்கள், கடை திறந்துவிட்டால் மாசி வீதிகளில் வண்டிகளுக்கு நடுவே நின்று எதையும் கேட்க முடியாது. மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காதிலும் ஹெட்போன் வேண்டாம், ஒரு காது போதும். பத்துத்தூண் சந்தில் அந்தப் பெரியவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது இன்னொரு காது சும்மா இருந்ததால்தான்.